உச்சியில் நிறுத்துவதா, வீதியை மூடுவதா? மலையக இறக்கங்களில் பார லொறிகள்: ஓர் ஒப்பீடு

எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றருக்கும் கீழே. இடைப்பட்ட வீதி 27 கிலோமீற்றரளவு. சுமையோடு சேர்த்து 16 தொன் எடையுள்ள ஒரு லொறி அந்த இறக்கத்தை முடிப்பதற்குள் ஏறத்தாழ 130 மெகாஜூல் சக்தி எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். அடுப்படிக் கணக்கில் சொன்னால் 400 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. இரண்டு எண்ணெய்ப் பீப்பாய் நிறையத் தண்ணீர். அதில் கால்பங்கை டயர் உருளும் தடையும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும்தான் பங்கு போட வேண்டும். எஞ்சின் ஏற்காத பங்கு முழுவதும் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மில் இறங்குகிறது.

டிரம் வார்ப்பிரும்பு. 410 மில்லிமீற்றர் விட்டமுள்ள டிரம் 300 பாகை சூடேறினால் அதன் விட்டம் 1.3 மில்லிமீற்றருக்கு மேல் பெருக்கும். உள்ளிருந்து டிரம்மை அழுத்தும் ஷூ அந்த இடைவெளியையும் கடந்து வெளியே வந்தால்தான் டிரம்மைத் தொடும். தொட்டாலும், அந்தச் சூட்டில் ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிப்பு குறைந்திருக்கும். ஹைட்ரோலிக் பிரேக் உள்ள லொறியில் பெடல் கீழே போவதைச் சாரதி காலில் உணர்வார். காற்று பிரேக் உள்ள பெரிய லொறியில் அந்த எச்சரிக்கைகூட இல்லை. பெடல் வழக்கம்போலவே இருக்கும், லொறி மட்டும் பிடிக்காது.

"பிரேக் போயிட்டு" என்று சாரதி சொல்வது இதைத்தான். மறுநாள் டிரம் ஆறிய பிறகு மெக்கானிக் வந்து பார்த்தால் பிரேக் பிடிக்கும். உடைந்த பாகம் ஒன்றும் இருக்காது. கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். வளைவு அப்படியே இருக்கும், அடுத்த லொறியும் அதே சூட்டோடுதான் வந்து சேரும்.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றிச் சென்ற பஸ், ஒரு வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இரண்டும் பஸ்கள்தான். ஆனால் அதே வீதிகளில் அதே இறக்கத்தை பெரிய எடையோடு மரக்கறி லொறியும் டிப்பரும் விறகு லொறியும் தினமும் இறங்குகின்றன. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் "பார வாகனங்களைத் தடை செய்" என்ற குரல் எழுகிறது. அந்தக் குரலில் உள்ள வேதனை நியாயமானது. ஆனால் தடை என்பது கையில் உள்ள வழிகளில் ஒன்று மட்டுமே. எடையைக் கட்டுப்படுத்தலாம். புகைக்குழாயை வால்வால் அடைத்து எஞ்சினாலேயே லொறியைப் பிடிக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கைக் கட்டாயமாக்கலாம். இறக்கம் தொடங்கும் இடத்தில் லொறியை நிறுத்திப் பார்க்கலாம். பிரேக் போன லொறி ஒதுங்கித் தப்புவதற்கான தப்பு வழி அமைக்கலாம். சரக்கை ரயிலில் ஏற்றலாம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவோ பிரதேச சபையோ லொறி உரிமையாளர் சங்கமோ எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது. எதை முதலில் எடுப்பது என்பதே இங்கே கேள்வி.

வீதியை மூடுதல், நேரத்தடை

தடையின் பெரிய பலம் வேகம். ஒரு பலகையும் ஒரு பொலிஸ்காரரும் போதும், நாளைக்கே தொடங்கலாம். மாற்று வீதி உள்ள இடத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. ரதல்ல போன்ற குறுக்கு வீதிகள் அப்படிப்பட்டவை. ஹட்டன்–நுவரெலியா பிரதான வீதி இருக்கும்போது, சில கிலோமீற்றர் மிச்சம் பிடிப்பதற்காக 16 தொன் லொறி செங்குத்தான ஒடுங்கிய பாதையில் இறங்க எந்த அவசியமும் இல்லை. அங்கே தடை நிரந்தரமாக இருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை மட்டும்: தடையை உறுதிப்படுத்த, உயரமான வாகனத்தை மறிக்கும் குறுக்குக் கம்பம் போடுவது பலருக்கும் தோன்றும் யோசனை. பெட்டி லொறியையும் பஸ்ஸையும் அது மறிக்கும். மணல் ஏற்றிய டிப்பர் குள்ளமானது, கம்பத்துக்குக் கீழே நுழைந்து போய்விடும். உயரமான தீயணைப்பு வண்டி அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும்.

மாற்று வீதி இல்லாத இடத்தில் கதை வேறு. இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு, கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு, அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வீதிகளே பிரதான வீதிகள். அவற்றில் முழுத்தடை சாத்தியமில்லை, நேரத்தடை மட்டுமே போடலாம். அப்போது எந்த நேரம் என்று கேட்க வேண்டும். நுவரெலியா மரக்கறி மாலையில் ஏற்றப்படுவது தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளுக்கு விடியுமுன் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக. இரவுத்தடை போட்டால் லீக்ஸும் கோவாவும் வாடும். அது மட்டுமில்லை, தடை தொடங்குமுன் இறங்கிவிட வேண்டும் என்று சாரதிகள் விரைவார்கள். மலை இறக்கத்தில் விரைவது என்பது டிரம்மைச் சூடாக்குவது. ஆபத்தைக் குறைக்கப் போட்ட தடையே ஆபத்தை ஒரு மணி நேரத்துக்குள் குவித்துவிடும்.

பள்ளிக்கூட நேரத் தடைக்கு மட்டும் நாங்கள் முழுமையாக ஆதரவு. காலை 6.30 முதல் 7.30 வரை, பகல் 1.30 முதல் 2.30 வரை தோட்டப் பிள்ளைகள் நடைபாதை இல்லாத வீதியோரமாக வரிசையாக நடக்கிறார்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் கான். ஒதுங்க ஓரடி இடம் கிடையாது. நாளுக்கு இரண்டு மணி நேரம் எந்த வியாபாரத்தையும் கெடுத்துவிடாது.

எடை

அனுமதிக்கப்பட்ட 16 தொன்னுக்குப் பதிலாக 21 தொன் ஏற்றினால் இறக்கத்தில் வெளியேற வேண்டிய சக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. டிரம் மட்டும் அதே டிரம். வீதிக்கும் கேடு உண்டு. அச்சுச்சுமை 10 தொன்னிலிருந்து 13 ஆனால், தேய்மானம் அச்சுச்சுமையின் நாலாம் அடுக்காகக் கூடும் என்ற விதிப்படி வீதி தேய்வது ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆகவே எடை நிறுப்பது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் இலாபம்.

எந்தச் சரக்கு எடை மீறுகிறது என்று தெரிந்து பிடிக்க வேண்டும். தேயிலைத்தூள் ஏற்றிய லொறி பெரும்பாலும் மீறாது. சரக்கு லேசானது, எடை நிறையுமுன் இடம் நிறைந்துவிடும். உருளைக்கிழங்கு, கழுவிய கரட், ஈர விறகு, மணல் ஆகியவைதான் மீறுபவை. மணலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தில் மணலின் கணக்கு கியூபில் வரும். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். காய்ந்த மணல் என்றால் அது நாலரைத் தொன். நனைந்த மணல் என்றால் ஐந்தரையைத் தாண்டும். மூன்று கியூப் ஏற்றிய டிப்பருக்கு இதனால் மட்டும் 3 தொன் வித்தியாசம். பத்திரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். மழைக்காலத்தில் கியூப் கணக்கை நம்பி டிப்பரை விடுவது பாதி குருட்டு வேலை. எடையைத்தான் பார்க்க வேண்டும்.

கைப்பட எடுத்துச் செல்லும் சக்கரத் தராசு மலையகத்துக்குப் பொருந்தும், ஆனால் அதை விரிக்கச் சமதரை வேண்டும். சரிவில் வைத்து நிறுத்தால் எடை முன்பின் அச்சுக்கு மாறிப்போகும். ஒரு சக்கரம் தராசின் மேலும் மற்றவை தரையிலுமாக நின்றால் உயர வித்தியாசத்தால் அளவு பிசகும். மற்ற சக்கரங்களுக்கும் அதே தடிப்பில் பலகை வைக்க வேண்டும். நிறுக்கும்போது பிரேக்கை விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இலைவில் ஒட்டிப்பிடித்துப் பொய் எடை காட்டும். வழக்கு நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கப்போவது இவற்றைத்தான்.

எடை நிறுப்பதன் குறை இது: எடை சரியாக இருந்தாலும் பிரேக் செட் (ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைப்பட்ட இடைவெளி) தளர்ந்த லொறி பள்ளத்துக்குத்தான் போகும். தராசு தேவை, ஆனால் தனியே போதாது.

எக்ஸோஸ்ட் பிரேக்

நூற்றுக்கு 7 சரிவில், 16 தொன் லொறி 30 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கினால் கிட்டத்தட்ட 90 கிலோவாற்று விகிதத்தில் சக்தி வெளியேற வேண்டும். உருளும் தடையைக் கழித்தால் 80. ஆறு லீற்றர் டீசல் எஞ்சின் சரியான கியரில் தானாக 20 முதல் 30 வரை தாங்கும். எக்ஸோஸ்ட் பிரேக் வேலை செய்தால் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகும். டிரம் மேல் விழும் பங்கு 55இலிருந்து 30 ஆகக் குறையும். வேகத்தையும் 20க்கு இறக்கினால் மொத்தமே 53 கிலோவாற்றுதான், எஞ்சினே அநேகமாக முழுவதையும் பிடித்துவிடும். டிரம் குளிர்ச்சியாக இருந்து, எதிர்பாராமல் குறுக்கே வரும் மாட்டுக்கோ முச்சக்கரவண்டிக்கோ காத்திருக்கும். பிரேக்கின் உண்மையான வேலை அதுதான்.

மலையகத்தில் ஓடும் ஜப்பான் லொறிகளில் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸோஸ்ட் பிரேக் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. ஸ்டியரிங் பக்கத்தில் சுவிட்ச் இருக்கும். அழுத்தினால் விளக்கு எரியும். விளக்கு எரிவதும் வால்வு மூடுவதும் ஒன்றல்ல, இங்கேதான் ஏமாற்றம். வால்வின் அச்சில் கரி படிந்து இறுகிப்போகும். வாக்குவம் குழாய் வெடித்திருக்கும். சொலனொய்ட் வேலை செய்யாது. சோதிப்பது சுலபம்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஒருவர் சுவிட்சைப் போட வேண்டும், மற்றவர் கீழே குனிந்து வால்வின் கை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கை முழுத்தூரம் திரும்பி, சுவிட்சை எடுத்ததும் முழுத்தூரம் திரும்பி வர வேண்டும். ஒரு நிமிட வேலை.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள், பார வாகனத்துக்குத் தகுதிச் சான்றிதழும் கேட்கிறார்கள். பிரேக் பார்ப்பது பெரும்பாலும் சமதரையில், குளிர்ந்த டிரம்மில், வெறும் லொறியில். சூடேறிய டிரம் எப்படி நடக்கும் என்று அந்தச் சோதனை சொல்லாது. ஆகவே நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் ஓடும் லொறிகளுக்கு எக்ஸோஸ்ட் பிரேக்கின் அசைவுச் சோதனையைத் தகுதிச் சான்றிதழில் சேர்க்கலாம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தை முழுவதும் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை, பரிசோதகரின் படிவத்தில் ஒரு வரி போதும்.

இதைவிட வலுவானது ரிடார்டர். டிரான்ஸ்மிஷனில் பொருந்தும் அந்தக் கருவி பிரேக்கையே தொடாமல் லொறியைப் பிடித்து வைக்கும். ஆனால் விலை அதிகம், எடை கூட்டும், ஹைட்ரோலிக் வகை எஞ்சினின் குளிர்த்தண்ணீரைச் சுட வைக்கும். ஈர வீதியில் வெறும் லொறியில் அழுத்தமாகப் போட்டால் பின் சக்கரம் வழுக்கும். ஒரே பெரிய வாகனத்தை நாள்தோறும் இறக்கும் கம்பனிக்கு அது தகும். சொந்த லொறியில் மரக்கறி ஏற்றி வாழும் ஒருவர் மேல் அதைச் சட்டமாகச் சுமத்தினால் தொழிலை விட்டுவிடுவார்.

உச்சி நிறுத்தம்

நாங்கள் முதலில் எடுக்கச் சொல்வது இதுதான். இறக்கம் தொடங்குமுன் எல்லாப் பார லொறிகளும் ஒரு தட்டையான இடத்தில் கட்டாயமாக நின்று, பார்க்கப்பட்டு, பிறகு இறங்க வேண்டும். மற்ற வழிகள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தை மட்டும் தொடுகின்றன. எடை, பிரேக் செட், எக்ஸோஸ்ட் பிரேக், சாரதியின் கியர், சாரதியின் களைப்பு ஆகிய ஐந்தும் ஒன்றாகக் கையில் கிடைக்கும் ஒரே இடம் உச்சி. அங்கே டிரம் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது, லொறி நிற்கிறது, தப்பைத் திருத்த நேரம் இருக்கிறது. அடிவாரத்தில் வேக அளவி வைத்துப் பிடிப்பதில் பிரேக் போன லொறிக்கு எந்தப் பயனும் இல்லை. அதற்கு அபராதச் சீட்டுத்தான் எழுதலாம்.

இடத்தைத் தெரிவு செய்வதில்தான் பாதி வேலை. கினிகத்தேனை பொருத்தமானது. ஹட்டனிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் வரும் வீதிகள் அங்கே சேர்ந்து, கித்துல்கலைக்கு ஒன்றாக இறங்குகின்றன. இரண்டு வீதிகளுக்கு ஒரு நிறுத்தம் போதும். கம்பளைப் பக்கத்துக்கு நுவரெலியா நகரைத் தாண்டி, லபுக்கலைக்கு இறங்குமுன் ஒரு நிறுத்தம். பெரகலைப் பக்கத்துக்கு அப்புத்தளை. வெல்லவாயவுக்கு எல்ல. நிறுத்தம் 60 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் இருந்தால் பெரிய லொறிகள் நான்கு நிற்கலாம். வீதியின் இடப்பக்கத்தில், முற்றிலும் சமமாக, கொங்கிரீட் போட்டிருக்க வேண்டும். புல்லுத்தரையில் நிறுத்தினால் வட்டவளை போன்று ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பகுதியில் ஒரே பருவத்தில் சேறாகிவிடும்.

எல்லா லொறிக்கும் முழுச் சோதனை செய்ய முடியாது. மாலை வேளையில் மணிக்கு 30 லொறி வந்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் என்பது வீதியையே அடைத்துவிடும். ஆகவே இரண்டு படி வேண்டும். முதல்படி எல்லாருக்கும், இரண்டே நிமிடம்: பிரேக் காற்றழுத்த மானியைப் பார்ப்பது, எக்ஸோஸ்ட் பிரேக்கின் கை அசைகிறதா என்று பார்ப்பது, டயரையும் சக்கர உட்புறத்தையும் டோர்ச் அடித்துப் பார்ப்பது. டிரம் பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இருந்தால் ஹப் சீல் போயிருக்கிறது, அந்தச் சக்கரத்தின் லைனிங் எண்ணெய் குடித்திருக்கும். அந்த லொறி உடனே இரண்டாம் படிக்குப் போக வேண்டும். சந்தேகம் இல்லாத லொறிகளிலும் பத்துக்கு ஒன்றை இரண்டாம் படிக்கு எடுக்க வேண்டும்.

இரண்டாம் படியில் செய்ய வேண்டியதை விரிவாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதுதான் பெரும்பாலும் தப்பாகச் செய்யப்படுகிறது. முதலில் சக்கரத்துக்கு மரக்கட்டை. கல் வைக்கக்கூடாது. லொறி போன பிறகு அந்தக் கல் வீதியிலேயே கிடக்கும், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் அதில் விழுவார். பிறகு கைபிரேக்கை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, காற்று நிரம்பிய நிலையில் கால்பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மானி 0.2 பாருக்கு மேல் விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பெடலை மீண்டும் மீண்டும் மிதித்துக் காற்றை இறக்கினால், 4 பாருக்கு வருமுன் எச்சரிக்கை மணியோ விளக்கோ வர வேண்டும். பிறகு காற்றழுத்தத்தால் ஷூவை இயக்கும் ஒவ்வொரு பிரேக் சேம்பரின் தள்ளுகோலிலும் சோக்கால் கோடு போட்டு, 6 முதல் 7 பார் காற்றில் பெடலை அழுத்தி, கோடு எவ்வளவு நகர்கிறது என்று அடிமட்டத்தால் அளக்க வேண்டும். 30 வகை சேம்பருக்கு 51 மில்லிமீற்றர்தான் எல்லை, 24 வகைக்கு 45. அதைத் தாண்டினால் குளிர்ந்த நிலையிலேயே கோலின் தூரத்தில் மிச்சம் கொஞ்சம்தான். டிரம் சூடேறிப் பெருத்தால் ஷூ பலமாக அழுத்தாது.

தாண்டியிருந்தால் செட் பண்ணலாம். அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் கையால் திருப்பும் வகை என்றால் சாவியால் பத்து நிமிட வேலை. தானாகச் சரிசெய்யும் வகை அட்ஜஸ்டர் எல்லையைத் தாண்டியிருந்தால் அதைத் திருகி விடுவது ஏமாற்று. அட்ஜஸ்டரே கெட்டுவிட்டது அல்லது ஷூவை விரிக்கும் கேம் அச்சின் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். திருகினால் இன்றைக்கு அளவு சரியாக வரும், நாளைக்கே மீண்டும் தளரும். அந்த லொறியைக் கராஜுக்கு அனுப்ப வேண்டும்.

சிறிய லொறிகளுக்கு, அதாவது ஹைட்ரோலிக் பிரேக் உள்ளவற்றுக்கு, பார்க்க வேண்டியது பிரேக் எண்ணெய். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகையில்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதித்துக் குமிழி கட்டும். குமிழி கட்டினால் பெடல் தரையைத் தொடும். டொட் 4 முறையே 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது முழுவதும் மாற்ற வேண்டும். மூடுபனிக்குள்ளேயே ஓடும் லொறிக்கு இது பணத்தைக் கொட்டும் செலவில்லை.

இறுதியாகச் சாரதி. இறங்கும்போது கியர் மாற்றக்கூடாது, இறங்குமுன்பே போட்டுவிட வேண்டும். அந்த மேட்டை ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதில், அல்லது அதற்கும் ஒன்று கீழே. பாதி இறக்கத்தில் கியரைக் குறைக்கப் போய் பல் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் பெரிய விபத்து வருகிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது மலையகத்திலும் உண்டு. அதில் மிச்சமே இல்லை. கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு டீசல் போவது நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரிகிறது. பிரேக்கை இறக்கம் முழுவதும் லேசாக மிதித்துக்கொண்டே போகக்கூடாது. வேகம் எல்லையைத் தொட்டதும் உறுதியாக ஒருமுறை மிதித்து 8 முதல் 10 கிலோமீற்றர் குறைத்து, முழுவதும் விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் டிரம் காற்று வாங்கும்.

நிறுத்தத்தில் ஒவ்வொரு எடைக்கும் உரிய வேகத்தைப் பலகையில் எழுதி வைப்பது நல்லது. நான்கு டிரம்மும் சேர்ந்து தொடர்ந்து 20 கிலோவாற்றைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 7 சரிவில் எக்ஸோஸ்ட் பிரேக் உள்ள 16 தொன் லொறிக்கு 26 கிலோமீற்றர், எக்ஸோஸ்ட் பிரேக் இல்லாததற்கு 17, எடை மீறி 21 தொன் ஏற்றியதற்கு எக்ஸோஸ்ட் பிரேக் இருந்தாலும் 20 என்று கணக்கு வருகிறது. பலகை சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். மலையைப் பழகிய சாரதிக்கு இது தெரிந்ததுதான். தம்புள்ளையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முதல் தடவை வந்தவருக்குத்தான் இது உயிர்.

இடையில் நிற்க நேர்ந்து, டிரம் கருகிய மணம் வந்தால் அருவித் தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றுவதைப் பலர் செய்கிறார்கள். சூடான வார்ப்பிரும்பில் குளிர்த்தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும். கட்டை வைத்து நிறுத்தி, அரை மணி நேரம் காற்றில் ஆற விட வேண்டும்.

உச்சி நிறுத்தத்துக்கும் பலவீனம் உண்டு. ஆள் வேண்டும், முறை மாற ஆள் வேண்டும், மழையிலும் பனியிலும் வேண்டும். ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் பயிற்சி பெற்ற ஒரு மெக்கானிக்கும் இல்லாமல் நடக்காது. மெக்கானிக் இல்லாமல் பொலிஸ் மட்டும் நின்றால் அது பத்திரம் பார்க்கும் இடமாகிவிடும்.

தப்பு வழி

வீதியின் ஓரத்தில் சரளைக்கல் நிரப்பிய நீண்ட படுகை. பிரேக் போன லொறி அதற்குள் புகுந்தால் சக்கரம் புதைந்து நிற்கும். பொறியியலில் இதற்குச் சரியான கணக்கு இருக்கிறது. 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் லொறியை நிறுத்த, உருண்டையான சிறு சரளை நிரப்பிய சமதள வழி 101 மீற்றர் வேண்டும். நூற்றுக்கு 10 ஏற்றமாக இருந்தால் 72 மீற்றர். இறக்கமாகவே, நூற்றுக்கு 5 சரிவில் போனால் 126. படுகை ஒரு மீற்றர் ஆழம் இருக்க வேண்டும். நுழையும் இடத்தில் 75 மில்லிமீற்றர் மட்டுமே இருந்து படிப்படியாக ஆழமாக வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் திடீரென்று புதைந்து லொறி குட்டிக்கரணம் போடும். உடைத்த கூரான கல் உதவாது, அது ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு தரையைப்போல் இறுகும். ஆற்று உருண்டைக்கல்தான் வேண்டும்.

மலையகத்தில் சிக்கல் இடமும் மழையும். இடப்பக்கம் மேடாக உள்ள வளைவுக்கு முன்பாக மட்டுமே இது அமையும். இடப்பக்கம் பள்ளம் என்றால் முடியாது. வலப்பக்கம் அமைத்தால் எதிரே வரும் வாகனத்தைக் குறுக்கறுக்க வேண்டும். நல்ல இடம் என்றால் பெரும்பாலும் தேயிலை மலை. 1992இலிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் குத்தகைக்கு உள்ள காணி அது. நூறு மீற்றர் விடுவிப்பது பேசினால் முடியும். அதற்குக் கீழே லயம் இருந்தால் அந்த இடத்தைத் தொடவே கூடாது. படுகை லொறியைப் பிடிக்கத் தவறினால் லொறி விழுவது தூங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் கூரைமேல். மழையில் மேலிருந்து வரும் செம்மண் சரளையின் இடுக்கை நிரப்பி ஒன்றிரண்டு பருவத்திலேயே கட்டியாக்கிவிடும். சுற்றிலும் கானும் அடியில் வடிகுழாயும் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை கிளறிக் கொடுக்க வேண்டும். கிளறாத படுகை வெறும் பொய் நம்பிக்கை.

ஒரு இறக்கத்துக்கு ஒன்று, அதுவும் உச்சி நிறுத்தம் வந்த பிறகு. முதலாவதாகப் பணம் போட வேண்டிய இடம் இதுவல்ல.

ரயில்

மலையக ரயில் பாதை 1924இல் பதுளையைத் தொட்டது. மிகச் செங்குத்தான இடத்திலும் 44க்கு 1 சரிவுதான், நூற்றுக்கு இரண்டேகால். சரக்கை இறக்குவதற்கு வீதியைவிட மூன்று மடங்கு மென்மையான பாதை. தேயிலையும் உரமும் எரிபொருளும் அதில் போக வேண்டியவை. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அந்தப் பாதையைப் பல இடங்களில் அறுத்தது. மரக்கறியைத் தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஏற்றி இறக்கும் கூலியும் நேரமும் லொறிக்காரருடன் போட்டி போட விடாது. பத்து வருடத்துக்கான திட்டமாக வைத்துக்கொள்ளலாம். இந்த வருடத்து மழைக்காலத்துக்கு அது பதிலில்லை.

எங்கே எது

குறுக்கு வீதிகளில் தடை, இன்றைக்கே. பள்ளிக்கூட நேரத்தடை எல்லா இறக்கத்திலும். கினிகத்தேனையில் முதல் உச்சி நிறுத்தம், சக்கரத் தராசோடு. அது ஆறு மாதம் ஓடி, எத்தனை லொறி கராஜுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது, எந்தக் குறைக்காக என்ற பதிவு கையில் வந்த பிறகு லபுக்கலைப் பக்கமும் எல்லவும். தகுதிச் சான்றிதழில் எக்ஸோஸ்ட் பிரேக் வரி அதே ஆறு மாதத்துக்குள். ஏ, பி வகுப்பு வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் சி, டி வீதிகளுக்கு மாகாண சபையிடமும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டும். தோட்ட வீதி என்றால் தோட்ட நிர்வாகத்திடம். தவறான அலுவலகத்தில் கொடுத்த கடிதம் பல மாதம் மேசையில் கிடக்கும்.

முதல் கொள்வனவுப் பட்டியல் நீளமில்லை. சக்கரத் தராசு ஒரு சோடி, அதே தடிப்பில் பலகைகள். மரக்கட்டை எட்டு. அடிமட்டம், சோக்குக்கட்டி, நல்ல டோர்ச் இரண்டு. டிரம் சூட்டைத் தொடாமல் அளக்கும் வெப்பமானி ஒன்று. இறக்கத்தில் பாதித் தூரம் போய் நிறுத்திய லொறியின் நான்கு டிரம்மையும் அதனால் பார்த்தால் ஒன்று மட்டும் குளிர்ந்திருக்கலாம். அந்தச் சக்கரம் வேலையே செய்யவில்லை, மற்ற மூன்றும் அதன் பங்கையும் சுமக்கின்றன. அந்த லொறியை அங்கேயே நிறுத்த வேண்டும்.